புரதச் சுத்திகரிப்பில் நியூக்ளியேஸ்: வெட்டினால் போதுமா?

புரதம் எடுப்பதற்காக வளர்த்த ஈ.கோலை பாக்டீரியாவின் செல்களை உடைத்த அடுத்த நிமிடம் குழாய்க்குள் இருப்பதைத் திரவம் என்று சொல்ல மனம் வராது. பிப்பெட் முனையை உள்ளே விட்டு மெல்லத் தூக்கினால் மூக்குச்சளி போல ஓர் இழை கூடவே நீண்டு வரும், அறுந்தும் தொலையாது. சென்ட்ரிஃபியூஜில் அரை மணி நேரம் சுற்றினாலும் செல் கழிவு அடியில் இறுகாமல் தளதளவென்று நிற்கும். வடிகட்டினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். புரதத்தைப் பிடித்து வைக்கும் மணிகளான ரெசினில் ஏற்றினால் அழுத்தம் எகிறும். இத்தனைக்கும் காரணம் நாம் தேடும் புரதம் அல்ல, அந்தச் செல்லின் டி.என்.ஏ.

ஈ.கோலையின் குரோமோசோம் ஒரே வட்ட மூலக்கூறு. அதில் சுமார் 46 லட்சம் கார இணைகள், அதாவது டி.என்.ஏ. எழுத்துகளின் ஜோடிகள். நீட்டிப் பிடித்தால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும். அது சுருண்டு கிடந்த செல்லின் நீளமோ வெறும் 2 மைக்ரோமீட்டர்தான். செல் உடைந்ததும் கோடிக்கணக்கான நீள இழைகள் வெளியே வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பிசுபிசுப்பைத் தீர்மானிப்பது இழையின் எடையை விட அதன் நீளம்தான். எடைக்கணக்கில் பார்த்தால் டி.என்.ஏ. பெரிய ஆளே இல்லை: செல்லின் உலர் எடையில் பாதிக்கு மேல் புரதம், சுமார் 20 சதவீதம் ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. 3 சதவீதம் அளவுக்குத்தான். ஆர்.என்.ஏ. இழைகள் குட்டையானவை, அவற்றில் பெரும்பகுதி செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமுக்குள் கட்டுண்டு கிடப்பவை. ஆகவே அவை பிசுபிசுப்பைக் கூட்டுவதில்லை, கண்ணிலும் படுவதில்லை.

சரி, நியூக்ளியேஸ் கொஞ்சம் சேர்ப்போம் என்பதுதான் எல்லா ஆய்வகங்களிலும் முதல் யோசனை. நியூக்ளிக் அமிலத்தின் பாஸ்பேட் பிணைப்புகளை நீர் கொண்டு அறுக்கும் என்சைம் அது. சேர்த்து ஐந்து, பத்து நிமிடத்தில் இழை இழையாக வந்த லைசேட் (செல் உடைத்த கலவை) தண்ணீர் மாதிரி சொட்டத் தொடங்கும். பார்க்கவே திருப்தியாக இருக்கும். ஆனால் அந்தத் திருப்தி கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது என்றால் இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். நியூக்ளிக் அமிலம் போய்விட்டது என்று பொருள் இல்லை.

கணக்குப் போட்டால் விளங்கும். 46 லட்சம் இணைகள் கொண்ட குரோமோசோமை ஆயிரம் ஆயிரமாகத் துண்டாக்க சுமார் 4,600 வெட்டு போதும். அதற்குள் பிசுபிசுப்பு காணாமல் போயிருக்கும். அதே குரோமோசோமை நாலு காரம் கொண்ட பொடித் துணுக்காக்க வேண்டுமென்றால் ஒவ்வோர் இழையிலும் 11 லட்சத்துக்கும் மேல் வெட்டு வேண்டும். முதல் வேலை முடிந்த கட்டத்தில் இரண்டாவது வேலை அரை சதவீதம்கூட முடிந்திருக்காது. வெட்டி முடித்த பிறகும் அத்தனை துணுக்கும் அதே குழாய்க்குள்தான் மிதக்கின்றன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 260 நானோமீட்டர் ஒளியை நியூக்ளிக் அமிலம் உறிஞ்சும் என்பதால் அந்த அளவீட்டைப் பார்த்து நியூக்ளியேஸ் வேலை செய்ததா என்று சோதிக்கப் பலர் முயல்வார்கள். இரட்டை இழை டி.என்.ஏ. வெட்டுப்பட்டுப் பிரியும்போது உறிஞ்சும் அளவு குறையாது, கூடும். காரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் வரை குறைவாக உறிஞ்சுகின்றன. அடுக்கு கலைந்தால் அதிகம் உறிஞ்சுகின்றன. லைசேட்டில் எண் இறங்கவில்லையே என்று மேலும் மேலும் என்சைம் ஊற்றுவது வீண்.

பிசுபிசுப்பு போனால் போதாதா, துணுக்குகள் இருந்தால்தான் என்ன? பல வேளைகளில் ஒன்றும் ஆகாது. ஹிஸ்டிடின் வால் (நிக்கலில் ஒட்டும் அமினோ அமிலத் தொடர்) ஒட்டிய, அமிலத்தன்மை கொண்ட சாதாரணப் புரதத்தை நிக்கல் ரெசினில் பிடித்து நன்றாகக் கழுவினால் துணுக்குகள் வழிந்து போய்விடும். அந்த வேலைக்கு வெட்டினாலே போதும். தொல்லை தருவது வேறு வகைப் புரதங்கள். நியூக்ளிக் அமிலத்தின் முதுகெலும்பு முழுவதும் எதிர்மின்னூட்டம். நேர்மின்னூட்டம் மிகுந்த எந்தப் புரதமும் அதை விடாமல் பற்றிக்கொள்ளும். ஆர்.என்.ஏ.வைச் சுற்றிப் பொதிவதே வேலையாகக் கொண்ட வைரஸ் புரதங்களை ஈ.கோலையில் தயாரித்தால் அவை அந்தப் பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.வையே கட்டிக்கொண்டு வெளிவரும். சார்ஸ்-கோவ்-2 வைரஸின் நியூக்ளியோகேப்சிட் புரதத்தைச் சுத்தம் செய்த பலரும் இதில் மாட்டிக்கொண்டவர்கள். எதிர்மின்னூட்டப் பொருட்களைப் பிடிக்கும் அயனிப் பரிமாற்ற ரெசினில் லைசேட்டை நேரடியாக ஏற்றினால், புரதத்துக்கான இடத்தை நியூக்ளிக் அமிலமே ஆக்கிரமித்துக்கொள்ளும்.

புரத இணைப்புகளைத் தேடுபவர்களுக்கு இது இன்னும் மோசமான பொறி. அ என்ற புரதத்தை இழுத்தால் ஆ என்ற புரதமும் கூட வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன என்று எழுதிவிடத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே டி.என்.ஏ. துண்டின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். நியூக்ளியேஸ் போட்ட பிறகும் அந்த ஜோடி நிலைக்கிறதா என்று பார்க்காத முடிவை நான் நம்பமாட்டேன்.

அளவீடும் கெடும். ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் சராசரிப் புரதம் 280 நானோமீட்டரில் ஏறக்குறைய 1 என்று காட்டும். அதே அளவு டி.என்.ஏ. 260-ல் 20 காட்டும், 280-ல் 11 அளவுக்குக் காட்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு நியூக்ளிக் அமிலம் கலந்திருந்தாலே புரதத்தின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும். உள்ளதை விட இரண்டு மடங்கு புரதம் இருப்பதாக எண்ணிக்கொண்டு அடுத்த சோதனைக்குப் போனால், அங்கே என்சைமின் செயல்திறன் பாதியாகத் தெரியும். அதற்கு ஆயிரம் காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

எந்த நியூக்ளியேஸ் என்பதற்கு வருவோம். பழைய ஆள் டி.என்.ஏஸ் 1, மாட்டுக் கணையத்திலிருந்து வருவது. ராக்பெல்லர் நிறுவனத்தில் மோசஸ் குனிட்ஸ் ஆர்.என்.ஏ.வை வெட்டும் ஆர்.என்.ஏஸ் ஏ-வை 1930களின் இறுதியிலும் டி.என்.ஏஸ் 1-ஐ 1940களிலும் படிகமாக்கினார்; டி.என்.ஏஸ் 1-இன் செயல்திறனை இன்றும் குனிட்ஸ் அலகில்தான் சொல்கிறார்கள். மெக்னீசியமும் கால்சியமும் இரண்டும் இருந்தால் நன்றாக வேலை செய்யும். டி.என்.ஏ.வை மட்டும் வெட்டும், ஆர்.என்.ஏ.வைத் தொடாது. கணையம் செரிமானச் சுரப்பி என்பதால் மலிவான தயாரிப்புகளில் புரதத்தைச் செரிக்கும் என்சைம்களும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். பாலூட்டிச் செல்களில் இன்னொரு சிக்கல்: ஆக்டின் புரதம் டி.என்.ஏஸ் 1-ஐ இறுகப் பிடித்து முடக்கிவிடும். ஆக்டின் நிறைந்த லைசேட்டில் போட்ட அளவுக்கு வேலை நடக்காது.

ஆர்.என்.ஏஸ் ஏ அதற்கு நேர் எதிர். 13.7 கிலோடால்டன் எடைதான், நான்கு டைசல்பைடு பிணைப்புகளால் இறுகக் கட்டப்பட்டது. உலோகம் வேண்டாம், உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. போட்டாலும் கவலையில்லை, கொதிக்க வைத்தாலும் ஆறியதும் திரும்ப வேலைக்கு வந்துவிடும். பழைய செய்முறைகளில் இதை டி.என்.ஏஸுடன் சேர்த்துப் போடச் சொல்லியிருப்பார்கள். ஆர்.என்.ஏ. வேலையும் நடக்கும் ஆய்வகத்தில் அந்த வரியைப் பார்த்தால் எனக்குக் கை வராது. மேசையிலும் குழாயிலும் பிப்பெட்டிலும் ஒருமுறை புகுந்தால் வெளியேற்றுவது பெரும்பாடு.

இன்று அதிகம் புழங்குவது செராஷியா மார்செசன்ஸ் பாக்டீரியாவின் நியூக்ளியேஸ். பென்சோனேஸ் என்ற வணிகப் பெயரில் பெரும்பாலோருக்குத் தெரியும். ஒற்றை இழை, இரட்டை இழை, வட்டம், நேர்க்கோடு, டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்று பேதம் பார்க்காமல் வெட்டும். விட்டால் இரண்டு முதல் ஐந்து காரம் கொண்ட துணுக்கு வரை இறக்கிவிடும். பி.எச். 8, ஒன்றிரண்டு மில்லிமோலார் மெக்னீசியம், 37 டிகிரி என்றால் உச்ச வேகம். யூரியா 6 மோலார் இருந்தாலும் தாக்குப்பிடிக்கும்.

இதன் ஒரு அலகு என்பது அந்த நல்ல சூழலில் அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 37 மைக்ரோகிராம் டி.என்.ஏ.வைச் செரித்து முடிக்கும் அளவு. இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். உலர் எடை 1 கிராம் வரும் செல்களை 20 மில்லிலிட்டரில் உடைத்தால் 200 மில்லிகிராம் ஆர்.என்.ஏ.வும் 30 மில்லிகிராம் டி.என்.ஏ.வும் வெளிவரும். அத்தனையையும் அரை மணியில் முடிக்க 6,200 அலகு வேண்டும். வழக்கமாகப் போடுவதோ மில்லிலிட்டருக்கு 25 அலகு, ஆக மொத்தம் 500. அதுவும் பனிக்கட்டியில் வைத்து, உச்ச வேகத்தில் ஒரு பங்கு மட்டுமே ஓடும் நிலையில். வழக்கமான அளவு பிசுபிசுப்பைத் தீர்க்கப் போதும், முழுவதையும் செரிக்கப் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. முழுமையாக வேண்டுமென்றால் அலகைக் கூட்ட வேண்டும், அல்லது நேரத்தையும் வெப்பத்தையும் கூட்ட வேண்டும். புரதம் அந்த வெப்பத்தைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி.

அப்புறம் பஃபர், அதாவது பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல். நிக்கல் ரெசினுக்கென்று செய்முறைப் புத்தகங்களில் காலங்காலமாக வரும் பஃபர் ஒன்று உண்டு: 50 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், 300 மில்லிமோலார் உப்பு, கொஞ்சம் இமிடசோல், பி.எச். 8. பெரும்பாலோர் இதிலேயே செல்லை உடைத்து இதிலேயே நியூக்ளியேஸைப் போடுகிறார்கள். செராஷியா என்சைமுக்கு இந்தப் பஃபரில் இரண்டு எதிரிகள். 100 மில்லிமோலாரைத் தாண்டும் உப்பு அதன் வேகத்தைக் கணிசமாகக் குறைக்கும். பாஸ்பேட் இன்னும் கொஞ்சம் குறைக்கும். இதோடு இ.டி.டி.ஏ. கலந்த புரதச்சிதைவுத் தடுப்பு மாத்திரை ஒன்றையும் கரைத்துவிட்டால் மெக்னீசியம் பறிபோய் என்சைம் முழுக்கப் படுத்துவிடும். மெக்னீசியமே சேர்க்காமல் விடுவதும் சகஜம்; செல்லிலிருந்து வரும் மெக்னீசியத்தில் ஏதோ கொஞ்சம் வேலை நடக்கும், அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம்.

இதற்கு நேர்வழி, உப்பைப் பிறகு சேர்ப்பது. 50 மில்லிமோலார் டிரிஸ், 50 மில்லிமோலார் உப்பு, 2 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு என்று 20 மில்லிலிட்டரில் உடைத்து, நியூக்ளியேஸ் போட்டு வெட்ட விட்டு, பிறகு 5 மோலார் உப்புக் கரைசல் 2 மில்லிலிட்டர் ஊற்றினால் 500 மில்லிமோலாருக்கு வந்துவிடும். ரெசினுக்குத் தேவையான உப்பு கிடைத்தது, என்சைமும் தன் வேலையை முடித்தது.

ஆனால் நியூக்ளிக் அமிலத்தைப் பற்றிக்கொள்ளும் புரதங்களில் இந்த வழி பாதிதான் பலிக்கும். உப்பு குறைவாக இருக்கும்போது பிடி இறுகுகிறது. புரதம் எந்தத் துண்டைப் பொத்திப் பிடித்திருக்கிறதோ அந்தத் துண்டை நியூக்ளியேஸ் எட்ட முடியாது. வெளியே தொங்கும் வால் மட்டும் நறுக்கப்பட்டு, பிடிக்குள் இருக்கும் பத்து இருபது காரம் அப்படியே தங்கிவிடும். சொல்லப்போனால் நிலைமை முன்பைவிடச் சிக்கலாகிறது: பெரிய துண்டாக இருந்தபோது அளவு வேறுபாட்டை வைத்துப் பிரிக்கலாம், இப்போது துணுக்கு புரதத்தோடு புரதமாகவே ஓடிவருகிறது. பிடியைத் தளர்த்த உப்பு அதிகம் வேண்டும், வெட்ட உப்பு குறைவாக வேண்டும். இந்த முரணைத் தீர்க்கத்தான் கடல்வாழ் நுண்ணுயிர்களிலிருந்து எடுத்த, உப்பில் வேலை செய்யும் நியூக்ளியேஸ்கள் சந்தைக்கு வந்தன. 0.5 மோலார் உப்பை ஒட்டித்தான் அவற்றின் உச்ச வேகமே. பிடி தளர்ந்த நிலையிலேயே வெட்டலாம் என்பது சின்ன விஷயமில்லை. விலை அதிகம் என்பதால் எல்லாப் புரதத்துக்கும் இதைப் போடச் சொல்லமாட்டேன். பற்றிக்கொள்ளும் புரதங்களுக்கு மட்டும் தகும்.

ஆர்.என்.ஏ.வை வெட்டுவதில் பலர் எதிர்பாராத பின்விளைவு ஒன்றும் இருக்கிறது. ஈ.கோலையின் ஆர்.என்.ஏ.வில் பெரும்பங்கு ரைபோசோமில்தான். அதைச் செரித்தால் ஐம்பதுக்கும் மேற்பட்ட ரைபோசோம் புரதங்கள் கூட்டைவிட்டு வெளியே வரும். பெரும்பாலானவை சிறியவை, நேர்மின்னூட்டம் மிகுந்தவை. நம் புரதமும் அதே குணம் கொண்டதாக இருந்தால், புரதங்களை அளவுப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லின் அடிப்பகுதியில் வரிசையாகப் புதுப் பட்டைகள் தெரியும். அந்த மாதிரி வேளையில் ரைபோசோமை உடைக்காமல் அதிவேக சென்ட்ரிஃபியூஜில் முழுதாக அடியில் இறக்கிவிடுவது புத்திசாலித்தனம்.

அகற்றும் வேலையை உண்மையில் செய்பவை வேறு முறைகள். பாலிஎத்திலீன்இமைன் என்ற நேர்மின்னூட்டப் பாலிமர் நியூக்ளிக் அமிலத்தோடு சேர்ந்து வெண்மையாகத் திரிந்து அடியில் இறங்கும். உப்பு அதிகமாக இருக்கும்போது சேர்த்தால் புரதம் மேலே தங்கும். குறைவாக இருந்தால் டி.என்.ஏ.வைப் பிடிக்கும் புரதமும் சேர்ந்தே இறங்கும். அப்படி இறங்கியதை வேண்டிய உப்பில் கழுவி மீட்பதே ஆர்.என்.ஏ. பாலிமரேஸைச் சுத்தம் செய்யும் பழம்பெரும் முறை. மிஞ்சிய பாலிமர் ரெசினைக் கெடுக்கும் என்பதால் இடையில் அம்மோனியம் சல்பேட் போட்டுப் புரதத்தைத் திரித்து எடுத்துக்கொள்வார்கள். நிக்கல் ரெசினில் புரதம் பிடித்திருக்கும்போதே 1 மோலார், தேவைப்பட்டால் 2 மோலார் உப்பில் தாராளமாகக் கழுவுவது இதைவிட எளிது. நியூக்ளியேஸும் இந்தக் கழுவலும் சேரும்போதுதான் பலன் முழுமையாகிறது: ஒன்று துண்டாக்குகிறது, மற்றது அதைப் பிடியிலிருந்து விடுவித்து வெளியே அனுப்புகிறது. அதற்கப்புறம் ஹெப்பாரின் ரெசின். டி.என்.ஏ. போலவே எதிர்மின்னூட்டம் தாங்கிய அது, புரதத்தைத் தான் பிடித்துக்கொண்டு மிச்சமிருக்கும் துணுக்குகளை வழிய விடும்.

மருந்து உலகத்தில் கணக்கே வேறு. அங்கே வெட்டுவதற்கே தனி மதிப்பு உண்டு. செல்களில் வளர்த்த தடுப்பூசியில் மிஞ்சும் செல் டி.என்.ஏ.வுக்கு உலக சுகாதார நிறுவனம் 1986-ல் ஒரு டோஸுக்கு 100 பிக்கோகிராம் என்று வைத்த வரம்பை, 1990களின் பிற்பகுதியில் 10 நானோகிராமுக்குத் தளர்த்தியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அளவோடு நீளத்தையும் பார்க்கிறது. மிஞ்சிய துண்டுகள் 200 கார இணைக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அவ்வளவு குட்டைத் துண்டில் முழு மரபணு அடங்காது என்பதே இதன் நியாயம். அதே சமயம், போட்ட நியூக்ளியேஸ் மருந்தில் மிஞ்சவில்லை என்பதையும் தயாரிப்பாளர் காட்ட வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் சிறிய ஆய்வகங்களில்தான் அதிகம் மறக்கப்படுகிறது. நியூக்ளியேஸும் ஒரு புரதம்தான். நாம் சேர்த்த அசுத்தம் அது. செராஷியா என்சைம் இரட்டையாகச் சேர்ந்து 60 கிலோடால்டனை ஒட்டி ஓடும். நம் புரதமும் அந்த அளவு என்றால் அளவை வைத்துப் பிரிக்கும் ரெசின் உதவாது. செலவு மிச்சம் என்று ஆய்வகத்திலேயே நியூக்ளியேஸ் தயாரிப்பவர்கள் அதற்கு ஹிஸ்டிடின் வால் போட்டிருப்பார்கள். அதை ஹிஸ்டிடின் வால் புரதத்தின் லைசேட்டில் ஊற்றினால் இரண்டும் ஒரே நிக்கலில் ஒட்டி ஒன்றாக இறங்கும். மற்ற புரதங்களில் இந்த மிச்சம் தெரியாமலே போகலாம். பாலிமரேஸ், மரபணுவைத் திருத்தப் பயன்படும் காஸ்9, வெட்டு என்சைம்கள் போன்று டி.என்.ஏ.வோடு வேலை செய்பவற்றைத் தயாரிப்பவர்களுக்கு ஒரு துளி மிச்சமும் சோதனையைப் பாழாக்கிவிடும். அவர்கள் நியூக்ளியேஸையே தொடாமல், ஒலி அலையைப் பாய்ச்சும் சோனிகேட்டரால் இழையை முறித்து, பாலிஎத்திலீன்இமைனும் உயர் உப்பும் ஹெப்பாரினும் என்று போவதே நல்லது.

முடிவில் இரண்டு சோதனை செய்தால் போதும். முதலாவது, 260-க்கும் 280-க்கும் உள்ள விகிதம். சுத்தமான புரதத்தில் இது 0.57-ஐ ஒட்டி இருக்கும். எடையில் 5 சதவீதம் நியூக்ளிக் அமிலம் சேர்ந்தாலே 1-ஐத் தாண்டிவிடும். 280-ல் உறிஞ்சும் அமினோ அமிலங்களான டிரிப்டோபானும் டைரோசினும் குறைந்த புரதத்தில் விகிதம் இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதைக் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டாவது, புரதத்தோடு கொஞ்சம் பிளாஸ்மிட்டையும் (சிறிய வட்ட டி.என்.ஏ.) சில மில்லிமோலார் மெக்னீசியத்தையும் கலந்து 37 டிகிரியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் அகரோஸ் ஜெல்லில் ஓடவிடுவது. பக்கத்திலேயே புரதம் சேர்க்காத பிளாஸ்மிட்டையும் ஓட்ட வேண்டும். இரண்டிலும் பட்டை ஒரே மாதிரி கூர்மையாக இருந்தால் நியூக்ளியேஸ் போய்விட்டது. புரதம் சேர்த்ததில் மட்டும் பட்டை கலைந்து கீழ்நோக்கி இழுபட்டிருந்தால் ரெசினில் இன்னொரு சுற்று கழுவல் பாக்கி இருக்கிறது.